நூறு விந்தணுக்களில் ஐம்பத்தாறு: வாசகர் கேள்வி பதில்

மீண்டும் மீண்டும் கரு கலையும் தம்பதியரில், 100 ஜோடிக்கு 3 முதல் 5 ஜோடி வரை, கணவன் மனைவி இருவரில் ஒருவர் குரோமோசோம் இடமாற்றம் உடையவராக இருக்கிறார் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து பலர் எழுதியிருக்கிறார்கள். அறிக்கைகளின் நகலை இணைத்தவர்களும் உண்டு. பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டு, ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 33. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவிக்கு மூன்று முறை கரு தங்கி, மூன்றும் எட்டாவது ஒன்பதாவது வாரத்திலேயே கலைந்துவிட்டன. மூன்றாவது முறைக்குப் பிறகுதான் மதுரையில் என் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். 1ஆம் குரோமோசோமுக்கும் 7ஆம் குரோமோசோமுக்கும் இடையே 'சமநிலை இடமாற்றம்' எனக்கு இருப்பதாக முடிவு வந்தது. அதன்பின் விந்தணுவில் 'ஃபிஷ்' என்ற (குரோமோசோம்களை ஒளிரும் சாயத்தால் அடையாளம் காணும்) சோதனையைச் செய்ததில் சமநிலை உடையவை 44 சதவீதம், சமநிலை அற்றவை 56 சதவீதம் என்று அறிக்கை தந்திருக்கிறார்கள். எனக்குப் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 56 பேர் குறையோடு பிறப்பார்கள் என்பதா இதன் பொருள்? இத்தனை நாளும் என் தாயார் மருமகளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.
வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இல்லை. அந்த 56 என்பது விந்தணுக்களின் கணக்கு. பிள்ளைகளின் கணக்கு அன்று. இந்த வேறுபாட்டை அறிக்கை கொடுத்தவர்களே உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் உங்கள் உடம்பில் இருப்பது என்னவென்று பார்ப்போம். வெள்ளைக் கயிறு ஒன்று, நீலக் கயிறு ஒன்று. இரண்டையும் ஓரிடத்தில் அறுத்து, முனைத் துண்டுகளை மாற்றி முடிந்துவிட்டால், வெள்ளையின் நுனியில் கொஞ்சம் நீலமும் நீலத்தின் நுனியில் கொஞ்சம் வெள்ளையும் இருக்குமே தவிர, மொத்தத்தில் கயிறு குறையாது. உங்கள் 1ஆம், 7ஆம் குரோமோசோம்களில் நடந்திருப்பது இதுதான். மரபுப் பொருள் எதுவும் குறையவில்லை, கூடவில்லை. இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஆகவேதான் உங்களுக்கு எந்த நோயும் இல்லை, இத்தனை ஆண்டுகளாக அது தெரியவும் இல்லை. பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 500 முதல் 600 பேருக்கு ஒருவர் இப்படிப்பட்ட இடமாற்றத்துடன் பிறக்கிறார். பலர் அதை அறியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

சிக்கல் விந்தணு உருவாகும்போது வருகிறது. உடலின் மற்ற செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்க, விந்தணுவுக்குப் போக வேண்டியவை 23 மட்டுமே. அதற்காக நடக்கும் குன்றல் பகுப்பில், தந்தைவழி வந்த குரோமோசோமும் தாய்வழி வந்த அதே எண் குரோமோசோமும் ஜோடி சேர்ந்து நின்று, பிறகு எதிர்த்திசைகளில் பிரிய வேண்டும். உங்கள் செல்லில் இயல்பான 1, இயல்பான 7, நுனி மாறிய 1, நுனி மாறிய 7 ஆகிய நான்கும் தத்தம் ஒத்த பகுதிகளைத் தேடிச் சேர முயல்வதால், இரண்டு ஜோடிகளுக்குப் பதிலாக நான்கும் சேர்ந்து சிலுவை வடிவில் நிற்கும். இந்த நான்கும் எந்தப் பக்கம் எவை போகின்றன என்பதைப் பொறுத்தே விந்தணுவின் நிலை அமைகிறது.

எதிரெதிர் மூலையில் நிற்பவை சேர்ந்து போனால், ஒரு விந்தணுவில் இயல்பான 1ம் இயல்பான 7ம் இருக்கும். மற்றதில் மாறிய இரண்டும் சேர்ந்திருக்கும். இரண்டிலும் கணக்கு சரியாக இருக்கிறது. இதை மாற்று முறைப் பிரிவு என்பார்கள். உங்கள் அறிக்கையின் 44 சதவீதம் இதுதான். அதில் பாதி முற்றிலும் இயல்பானவை, பாதி உங்களைப் போலவே இடமாற்றத்தைச் சுமப்பவை. பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை சேர்ந்து போனால் கணக்கு பிசகும். எடுத்துக்காட்டாக, இயல்பான 1ம் மாறிய 7ம் ஒரே விந்தணுவுக்குள் போய்விட்டால், 1இன் நுனித்துண்டு இரண்டு முறை வரும், 7இன் நுனித்துண்டு வரவே வராது. உங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் 36 சதவீதம் என்று போட்டிருப்பது இந்த வகை. ஒரே எண்ணுள்ள இயல்பானதும் மாறியதும் பிரியாமல் ஒரே பக்கம் போவது 12 சதவீதம். மூன்று ஒரு பக்கமும் ஒன்று மறு பக்கமும் போவது 7 சதவீதம். எஞ்சிய ஒன்று வகைப்படுத்த முடியாதது.

இத்தகைய இடமாற்றம் உடைய ஆண்களில், சமநிலையற்ற விந்தணுக்கள் பொதுவாகப் பாதியை ஒட்டியே இருக்கும். ஆனால் ஆளுக்கு ஆள், 20 சதவீதம் முதல் 80 சதவீதம் வரைகூட அது வேறுபடுகிறது. எந்தக் குரோமோசோம்கள், எந்த இடத்தில் அறுந்தன, மாறிய துண்டின் நீளம் எவ்வளவு என்பவை இதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே உங்கள் 56 அசாதாரணமான எண் அன்று. எத்தனை விந்தணுக்களை எண்ணி இந்த முடிவைச் சொன்னார்கள் என்பதையும் அறிக்கையில் பாருங்கள். ஆயிரம் எண்ணியிருந்தால் உண்மையான அளவு 53க்கும் 59க்கும் இடையில் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். இருநூறு மட்டும் எண்ணியிருந்தால் அது 49 ஆகவும் இருக்கலாம், 63 ஆகவும் இருக்கலாம். எண்ணிக்கையைக் குறிப்பிடாத அறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். கணக்குப் பிசகிய விந்தணு நீந்தாது, முட்டையை அடையாது என்று நீங்கள் எண்ணலாம், அப்படி இல்லை. விந்தணுக்கள் உருவாகும் காலத்தில் அண்டைச் செல்கள் மெல்லிய பாலங்களால் இணைந்திருந்து, தமக்கு வேண்டிய புரதங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் இல்லாதது அடுத்ததிலிருந்து வந்துவிடுவதால், பிசகியதும் நன்றாகவே நீந்துகிறது, முட்டையுடனும் சேர்கிறது. வடிகட்டல் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. பிசகிய கருக்களில் பல கருப்பையில் ஒட்டுவதற்கு முன்பே நின்றுவிடும். மாதவிலக்கு சில நாள் தள்ளி வந்தது என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒட்டியவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள் கலையும். குழந்தையாகப் பிறக்கும் வரை தாக்குப்பிடிப்பவை, கூடுதலோ குறைவோ மிகச் சிறிய துண்டாக இருக்கும்போதே பெரும்பாலும் நேர்கின்றன.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. இடமாறிய துண்டு சிறியதாக இருந்தால் கரு கலைவது குறையும். ஆனால் குறையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும். துண்டு பெரிதாக இருந்தால் கரு அதிகம் கலையும். குறையுள்ள குழந்தை பிறப்பது அரிது. உங்கள் அறிக்கையில் இரண்டு குரோமோசோம்களும் கையின் (இடுப்புப் போன்ற இணைப்பிடத்திலிருந்து நீளும் பகுதியின்) நடுப்பகுதியில் அறுந்திருப்பதாகக் குறிப்பு இருக்கிறது. அதாவது துண்டுகள் பெரியவை. மூன்று கருவும் எட்டு ஒன்பது வாரத்திலேயே நின்றுவிட்டன என்பதும் அதனோடு பொருந்துகிறது. ஆகவே நான்கு ஐந்து மாதங்களைக் கடந்துவிட்ட கரு, உங்களைப் பொறுத்தவரை, சமநிலை உடையதாகவே இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். இருந்தாலும் அதைச் சோதனையால் உறுதிசெய்துகொள்வதே முறை.

மூன்று போய்விட்டதால் நான்காவது நிற்கும் என்றோ, மூன்றும் போனதால் இனி எதுவும் நிற்காது என்றோ சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. இடமாற்றம் கண்டறியப்பட்ட தம்பதியரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில், பாதிக்கு மேற்பட்டோர் எந்தச் செயற்கை முறையும் இல்லாமலேயே நலமான குழந்தையைப் பெற்றிருக்கிறார்கள். செயற்கைக் கருத்தரிப்பில் கருக்களை உருவாக்கி, சில செல்களை எடுத்துச் சோதித்து, சமநிலை உடைய கருவை மட்டும் வைக்கும் முறையும் உண்டு. அது கருச்சிதைவைக் குறைக்கும். ஆனால் முடிவில் குழந்தை கிடைக்கும் வாய்ப்பை இயல்பான முயற்சியைவிட அது கூட்டுகிறது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. செலவும் இலட்சக்கணக்கில் ஆகும். உங்கள் மனைவியின் வயது, நான்காவது இழப்பைத் தாங்கும் அவருடைய மனநிலை ஆகியவற்றை வைத்து இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது. விந்தணு அறிக்கை இந்த முடிவுக்கு ஒரு துணை; 80 சதவீதம் பிசகியவர், சோதிப்பதற்கு அதிகக் கருக்கள் தேவைப்படும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் அந்தத் தாளுக்கு அதிகாரம் இல்லை.

உங்கள் தாயாரைப் பற்றி: இந்த இடமாற்றம் உங்களிடம் புதிதாகத் தோன்றியிருக்கலாம், அல்லது உங்கள் தந்தையிடமிருந்தோ தாயாரிடமிருந்தோ வந்திருக்கலாம். இதை அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் மூன்று கரு கலையும் வரை பெண்ணை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தது மருத்துவ முறைப்படியும் சரியன்று. இரண்டாவது இழப்பின்போதே இருவர் இரத்தத்தையும் ஒரே நாளில் எடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: விலங்கியல் முதுநிலை மாணவி. ஒரு விந்தணுவுக்குள் எந்தக் குரோமோசோம் இருக்கிறது என்று எப்படிப் பார்க்கிறார்கள்? இரத்தத்தில் செய்வதைப் போல விந்தணுவைச் செல் வளர்ப்பு செய்ய முடியாதே?
வாசகி, மண்டபம்

பதில்: சரியான இடத்தில் கேள்வியை வைத்திருக்கிறீர்கள். இரத்தத்தின் வெள்ளணுக்களை ஏறத்தாழ 72 மணி நேரம் வளர்த்து, பகுபடும் வேளையில் கோல்சிசின் போன்ற மருந்தால் நிறுத்திவைத்தால், குரோமோசோம்கள் சுருங்கித் தடித்துத் தனித்தனியே தெரியும். விந்தணு இனிப் பகுபடாது. ஆகவே அதன் குரோமோசோம்கள் அந்த வடிவத்துக்கு வருவதே இல்லை.

இதற்கு முதலில் கண்ட வழி விசித்திரமானது. ஹாம்ஸ்டர் என்ற சிறு கொறிவிலங்கின் கருமுட்டையைச் சுற்றியுள்ள உறையை நீக்கிவிட்டால், மனித விந்தணு அதற்குள் நுழைகிறது என்று யானாகிமாச்சி என்ற ஆய்வாளர் 1976இல் காட்டினார். நுழைந்தபின், முட்டையின் செல்சாறு அந்த விந்தணுவைத் தன் வழக்கப்படி அவிழ்த்து முதல் பகுப்புக்குத் தயார் செய்கிறது. அந்த நேரத்தில் நிறுத்தினால், மனிதனின் 23 குரோமோசோம்கள் கண்ணுக்குத் தெரியும். ருடாக், ஜேக்கப்ஸ், யானாகிமாச்சி ஆகியோர் இப்படிப் பெற்ற மனித விந்தணுக் குரோமோசோம்களை 1978இல் வெளியிட்டார்கள். அந்த முட்டையிலிருந்து எந்த உயிரும் வளராது. முதல் பகுப்போடு முடிந்தது. இடமாற்றம் உடைய ஆண்களின் விந்தணுக்களில் பிரிவு எப்படி நடக்கிறது என்று நேரடியாகக் கண்டவை இந்த ஆய்வுகளே. ஒரு பெரிய நன்மையும் இதில் இருந்தது: குரோமோசோம் முழுவதையும் பார்ப்பதால், முற்றிலும் இயல்பான விந்தணுவையும் சமநிலை இடமாற்றம் சுமக்கும் விந்தணுவையும் பிரித்தறிய முடிந்தது. குறை என்னவென்றால், பல வார உழைப்புக்குப் பின் ஒருவரிடமிருந்து சில பத்துக்களோ நூறை ஒட்டியோதான் எண்ணக் கிடைக்கும்.

1990களில் ஒளிர்வுச் சாயம் ஏற்றிய டி.என்.ஏ. துண்டுகளைப் பயன்படுத்தும் ஃபிஷ் முறை வந்தபின் ஹாம்ஸ்டர் ஓய்வு பெற்றது. விந்தணுவின் தலை ஏறத்தாழ ஐந்து மைக்ரோமீட்டர் நீளமே உடையது, அதற்குள் டி.என்.ஏ. புரோட்டமின் என்ற புரதத்தால் கந்தக இணைப்புகள் போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. சாயத் துண்டு உள்ளே போக வேண்டுமானால் அந்தக் கட்டைத் தளர்த்த வேண்டும். கண்ணாடித் துண்டில் பரப்பிக் காயவைத்த விந்தணுக்களை டை-தியோ-த்ரைட்டால் கரைசலில் வைத்தால், கந்தக இணைப்புகள் விடுபட்டுத் தலை உப்புகிறது. இந்த ஒரு படியில்தான் கை பழக வேண்டும். குறைவாக உப்பினால் சாயம் நுழையாது. அதிகமானால் தலை கலைந்து பரவி, ஒரு புள்ளி இரண்டாகத் தெரியும். நுண்ணோக்கியில் அவ்வப்போது வைத்துப் பார்த்து, வால் இன்னும் ஒட்டியிருக்கும்போதே தலை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகும் தறுவாயில் எடுத்துவிடுவது ஆய்வகங்களின் வழக்கம்.

பிறகு கண்ணாடித் துண்டைச் சூடாக்கி டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் பிரித்து, சாயத் துண்டுகளைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைப்பார்கள். மேலே தங்கச்சிமடம் வாசகருடைய இடமாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். 1ஆம் குரோமோசோமின் சென்ட்ரோமியருக்கு (இரு கைகளும் சேரும் இடத்துக்கு) நீலப்பச்சை, இடமாறிய கையில் 1இன் நுனிக்குப் பச்சை, 7இன் நுனிக்குச் சிவப்பு என்று மூன்று நிறங்கள் போதும். மறுநாள் ஒளிர்வு நுண்ணோக்கியில் இருட்டுப் பின்னணியில் நீல முட்டைகளாகத் தலைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் புள்ளிகள் மின்னும். மூன்று நிறமும் ஒவ்வொன்றாக இருந்தால் சமநிலை. நீலப்பச்சை ஒன்று, பச்சை இரண்டு, சிவப்பு இல்லை என்றால், இயல்பான 1ம் மாறிய 7ம் சேர்ந்து வந்திருக்கின்றன. நீலப்பச்சை இரண்டு, மற்றவை ஒவ்வொன்று என்றால், இயல்பான 1ம் மாறிய 1ம் பிரியாமல் வந்திருக்கின்றன. தாளில் நான்கு குரோமோசோம்களையும் வரைந்து, மீதி வகைகளை நீங்களே எழுதிப் பாருங்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்வதைவிட நன்றாக நிற்கும்.

இந்த முறையின் குறையும் அதே எடுத்துக்காட்டில் தெரியும். இயல்பான 1ம் இயல்பான 7ம் உள்ள விந்தணுவும், மாறிய இரண்டும் உள்ள விந்தணுவும் ஒரே மூன்று புள்ளிகளைத்தான் காட்டும். அறுந்த இடத்தையே தாண்டி நிற்கும் சாயத் துண்டுகளைத் தனியாகத் தயாரித்தாலன்றி இவற்றைப் பிரிக்க முடியாது. மற்றொன்று, சாயம் போட்ட குரோமோசோம்களைப் பற்றி மட்டுமே அந்த விந்தணு நமக்குச் சொல்லும். மற்ற 21இல் என்ன நடந்தது என்று தெரியாது. ஓர் இடமாற்றம், தொடர்பில்லாத பிற குரோமோசோம்களின் பிரிவையும் குழப்பக்கூடும் என்று பிரெஞ்சு மரபியலாளர் லெஜூன் 1963இல் கூறிய கருத்தைச் சோதிக்க, 13, 18, 21, எக்ஸ், ஒய் ஆகியவற்றுக்கும் சாயமிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிலரில் இலேசான உயர்வு இருக்கிறது, பலரில் இல்லை. விவாதம் இன்னும் முடியவில்லை.

நீங்கள் மண்டபத்தில் இருப்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் ஊர்க் கடலில் பாறையிடுக்குகளில் முள்ளாக ஒட்டிக்கிடக்கும் கடல் முள்ளெலியின் முட்டையில்தான் இந்த விஷயத்தின் அடிப்படை தெரிந்தது. ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணுக்களை நுழையச் செய்து, குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படும் கருக்களைப் பின்தொடர்ந்த ஜெர்மானிய உயிரியலாளர் போவேரி, முழுத் தொகுதியும் கிடைத்த செல்களே ஒழுங்காக வளர்கின்றன என்று 1902இல் காட்டினார். எண்ணிக்கை மட்டும் போதாது, சரியான சேர்க்கை வேண்டும் என்பது அன்று முதல் தெரியும்.

கேள்வி: என் மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். விடுமுறையில் வந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில், குரோமோசோம் 46 இல்லை, 45தான் இருக்கிறது, 13ம் 14ம் ஒட்டியிருக்கின்றன என்று வந்தது. விந்தணு எண்ணிக்கையும் குறைவு. ஒரு குரோமோசோம் இல்லாமல் மனிதன் எப்படி இருக்க முடியும்? விந்தணுச் சோதனைக்கு அவன் மறுபடியும் நேரில் வர வேண்டுமா?
வாசகி, கீழக்கரை

பதில்: அம்மா, உங்கள் மகனிடம் எதுவும் தொலைந்துபோகவில்லை. 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களுக்கும் ஒரு கை நீளம், மறு கை மிகக் குட்டை. அந்தக் குட்டைக் கைகளில் இருக்கும் முக்கிய மரபணுக்கள் ஐந்து ஜோடிகளிலும் பல பிரதிகளாக இருக்கின்றன. இரண்டு குரோமோசோம்கள் நீளக் கைகளால் சேர்ந்து ஒன்றாகி, குட்டைக் கைகள் போய்விட்டாலும் உடலுக்கு நட்டமில்லை. வெட்டுக்கிளிகளை ஆராய்ந்து 1916இல் இதை விளக்கிய ராபர்ட்சன் பெயரால் இது வழங்குகிறது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு 13ம் 14ம் சேர்ந்த வகைதான்.

முதல் கடிதத்தில் கண்ட இடமாற்றத்தைவிட இதில் விந்தணுக் கணக்கு நன்றாக இருக்கும். மூன்று குரோமோசோம்களே சேர்ந்து நிற்பதால், அவை பெரும்பாலும் ஒழுங்காகவே பிரிகின்றன. பலரில் 100க்கு 85ஐ ஒட்டிய விந்தணுக்கள் சமநிலை உடையவை. எண்ணிக்கை குறைவதற்கு இந்த இணைப்பு காரணமாக இருக்கலாம். ஆனால் இதே இணைப்புள்ள ஆண்கள் பலர் எந்த மருத்துவமும் இல்லாமல் தந்தையாகியிருக்கிறார்கள். எண்ணிக்கை மிகவும் குறைவாக இருந்தால், ஒரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் முறை கைகொடுக்கும்.

நேரில் வருவதைப் பற்றி: குரோமோசோம் பார்க்கும் இரத்தத்தில் செல்கள் உயிரோடு இருக்க வேண்டும், விந்தணு ஃபிஷ் சோதனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் நிலைப்படுத்திய விந்தணுக்களை உறைபெட்டியில் நெடுநாள் வைத்து, வேறு ஊருக்கும் அனுப்பலாம். அவர் இருக்கும் நாட்டில் ஓர் ஆய்வகம் நிலைப்படுத்தித் தந்தால் போதும். ஆனால் உங்கள் மருமகளுடைய இரத்தத்தை இங்கே எடுத்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: விந்தணுக்களில் நல்லவற்றை மட்டும் பொறுக்கி எடுக்க வழி இல்லையா? நாட்டு மருந்து, உணவு மூலம் விகிதத்தை மாற்ற முடியுமா?
வாசகர், பெரியபட்டினம்

பதில்: முடியாது. ஃபிஷ் செய்த விந்தணு இறந்த விந்தணு. அதைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்த இயலாது. உயிரோடு நீந்தும் விந்தணுவை நுண்ணோக்கியில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே இருக்கும் குரோமோசோம் வெளியே தெரியாது. அழகிய வடிவமும் வேகமான ஓட்டமும் உடையது கணக்குப் பிசகியதாக இருக்கலாம். உணவும் மருந்தும், புகையை விடுவதும், விந்தணுவின் எண்ணிக்கைக்கும் ஓட்டத்துக்கும் ஓரளவு உதவலாம். அதன் பலன் தெரியவும் இரண்டரை மாதம் ஆகும், ஏனெனில் ஒரு விந்தணு உருவாகி முடிய அவ்வளவு காலம் தேவை. ஆனால் இடமாற்றம் ஒவ்வொரு செல்லிலும் பிறவியிலேயே இருப்பது. 'குரோமோசோம் கோளாறைச் சரிசெய்யும்' என்று சொல்லி விற்கும் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அத்தை மகளைத் திருமணம் செய்துகொண்டதால்தான் இந்தக் குரோமோசோம் இடமாற்றம் வந்தது என்கிறார்கள். உண்மையா?
வாசகர், தொண்டி

பதில்: இல்லை. சொந்தத்தில் மணம் செய்வதால் கூடுவது, ஒரே பழுதுள்ள மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேரும்போது வரும் நோய்கள். இடமாற்றம் அந்த வகையைச் சேர்ந்தது அன்று. ஒரே ஒரு சூழலில் மட்டும் உறவு முக்கியமாகிறது: குடும்பத்தில் ஏற்கெனவே ஓர் இடமாற்றம் ஓடிக்கொண்டிருந்தால், கணவன் மனைவி இருவருமே அதைச் சுமக்கக்கூடும். அத்தகைய பெற்றோருக்குப் பிறந்து, கீழக்கரைக் கடிதத்தில் கண்டதைப் போன்ற இணைப்பு இருவரிடமிருந்தும் வந்து, 44 குரோமோசோம்களுடன் நலமாக வளர்ந்தவர்களும் மருத்துவ ஏடுகளில் உண்டு. அரிதுதான், ஆனால் உங்கள் இருவர் இரத்தத்தையும் பார்க்க அது ஒன்றே போதுமான காரணம்.

கேள்வி: நான் இப்போது பத்து வாரக் கர்ப்பிணி. என் கணவருக்கு 14ம் 21ம் சேர்ந்த இடமாற்றம் இருக்கிறது. டவுன் நோயுள்ள குழந்தை பிறக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். என் இரத்தத்தை மட்டும் எடுத்துப் பார்க்கும் புதிய சோதனை போதாதா?
வாசகி, தேவிபட்டினம்

பதில்: சகோதரி, டவுன் நிலை என்பது 21ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வருவது. இந்த இணைப்பு தாயிடம் இருந்தால் டவுன் நிலையுள்ள குழந்தைக்கான வாய்ப்பு 100க்கு 10 முதல் 15 வரை. தந்தையிடம் இருந்தால் அது ஒன்றிரண்டுதான், சில கணக்குகளில் ஒன்றுக்கும் கீழே. ஒரே இணைப்பு ஆணிலும் பெண்ணிலும் இப்படி வேறாக நடந்துகொள்வதால், பெண்ணுக்கான எண்ணை எடுத்து ஆணுக்குச் சொல்லிப் பயமுறுத்துவது தவறு. இரண்டு 21களும் ஒன்றோடொன்று சேர்ந்த அரிய வகையில் மட்டுமே எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த நிலை வரும். உங்கள் கணவருடையது அதுவன்று.

தாயின் இரத்தத்தில் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் சோதனை 21, 18, 13 ஆகியவற்றின் முழுக் கூடுதலை நன்றாகக் காட்டும். உங்கள் விஷயத்தில் அது பயனுள்ள முதல் படி. ஆனால் அது சல்லடை மட்டுமே, முடிவு அன்று. உறுதி வேண்டுமானால் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவையோ, 16ஆவது வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரையோ எடுத்து குரோமோசோம்களைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் கரு கலையும் அபாயம் சிறிதளவு உண்டு. கைதேர்ந்தவர் செய்தால் அது மிகக் குறைவு. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, குரோமோசோம் கோளாறைக் கண்டறிய இச்சோதனைகளுக்கு அனுமதி உண்டு; பதிவுபெற்ற மையத்தில், உங்கள் எழுத்துச் சம்மதத்துடன் மட்டுமே செய்யலாம்; குழந்தை ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லக்கூடாது. பத்து வாரம் ஆகிவிட்டதால் இந்த வாரமே மதுரைக்கோ சென்னைக்கோ நேரம் வாங்கிவிடுங்கள். கணவரின் குரோமோசோம் அறிக்கையின் நகலைக் கையில் கொண்டுபோங்கள். அது இல்லாமல் போனால் ஒரு பயணம் வீணாகும்.

முதல் கடிதத்தை எழுதிய தங்கச்சிமடம் வாசகர் தனி ஒரு தாளில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "எனக்கு ஒரு தம்பியும், திருமணமான அக்காவும் இருக்கிறார்கள். அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. யார் யாரைச் சோதிக்க வேண்டும்? என் விகிதம்தான் அவர்களுக்கும் இருக்குமா?"

பதில்: முதலில் உங்கள் பெற்றோர். அவர்கள் இருவருக்கும் இல்லையென்றால் இது உங்களிடமே தொடங்கியது. உடன்பிறந்தோரைப் பற்றிக் கவலைப்படத் தேவை அநேகமாக இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், தம்பிக்கும் அக்காவுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரே இடமாற்றம் உடைய ஆண்கள் ஒரே குடும்பத்தில் இருந்தால் அவர்களுடைய விந்தணு விகிதம் பெரும்பாலும் ஒத்திருக்கிறது. ஆகவே தம்பிக்கும் அதே இடமாற்றம் இருந்தால், அவர் தனியாக விந்தணுச் சோதனைக்குச் செலவழிக்காமல் உங்கள் எண்ணையே தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பெண்ணின் முட்டைகளை ஆயிரக்கணக்கில் எடுத்து எண்ணும் வழியே இல்லை. பிரிவும் பெண்ணில் வேறு விகிதத்தில் நடக்கும். அவருக்கு இரத்த அறிக்கையும் குடும்பத்தில் நடந்த கருச்சிதைவுகளின் கணக்குமே ஆதாரம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். அவளே வளர்ந்து, கேட்டு, தீர்மானிக்கட்டும்; அதுவரை உங்கள் அறிக்கையின் ஒரு நகலை அக்காவிடம் கொடுத்துவையுங்கள்.

பெற்றோரின் இரத்தத்தை அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் சேர்த்த பச்சை மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். வழக்கமான இரத்த எண்ணிக்கைக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் செல்கள் சரியாக வளராமல் போகலாம். ஐஸ் மீது நேரடியாக வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியிலும் விடக் கூடாது. காலையில் எடுத்து, அன்றைக்கே ரயிலிலோ பேருந்திலோ மதுரைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சனிக்கிழமை எடுக்க வேண்டாம். ஞாயிறு பல ஆய்வகங்களில் மாதிரி வாங்க ஆள் இருப்பதில்லை.